நஷ்டம் என்ற சொல் யாருக்குச் சொந்தம்?

தன்னை வதைத்த இடத்துக்காக ஒருவன் அழலாமா? தனக்குச் சொந்தமே இல்லாத ஒன்றை 'இழந்துவிட்டேன்' என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் முன்னால் வந்து நிற்கின்றன. கேட்பவர்கள் எதிரிகள் அல்லர், நம் தோழர்கள்தான். "வெள்ளைக்காரன் சுரங்கம் உங்க தாத்தன் நுரையீரலைத் தின்னுச்சு. அதை மூடுனதுக்கு நீங்க ஒப்பாரி வைக்கிறீங்க. அடிமை தன் சங்கிலிக்கு அழற கதையா இல்ல இருக்குது?" என்று ஒரு கூட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார். கூட்டத்தில் சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதை மறைக்காமல் முதலில் பேசிவிடலாம்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அந்த மண்ணில் கால் வைத்தது. தாது வருஷப் பஞ்சம் (1876–78) சூறையாடிப்போட்ட சேரிகள் அப்போது வட ஆற்காட்டிலும் தென் ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் சேலத்திலும் சித்தூரிலும் குற்றுயிராய்க் கிடந்தன. சுரங்கத்துக்குள் இறங்க வேறு எவனும் வராத இடத்தில் அந்தச் சேரிகள்தான் இறங்கின. பெரும்பகுதி பறையர்கள். கூலி மேஸ்திரிகள் மூலமாக வந்தார்கள், முன்பணம் வாங்கி வந்தார்கள், சொந்தக்காரன் சொன்னதைக் கேட்டு நடந்தும் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேரை ஒட்டி அங்கே வேலை செய்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்தில் காவேரியைக் கட்டி, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரே மூன்று வருஷம் கழித்துத்தான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தது. ஆனால் அந்த மின்சாரம் சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும் வந்த மின்சாரம். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீட்டுக்குள் அது நுழைய வெகுகாலம் ஆயிற்று. 'இந்தியாவிலேயே முதன்முதலாக' என்று பெருமை பேசுகிற கட்டுரைகளில் இந்தத் தட்டி லைன் வராது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் மனுஷன் நிற்க முடியும். பாறைக்குள் அடங்கிக் கிடக்கும் அழுத்தம் திடீரென்று வெடித்துச் சிதறும். அதைப் பழைய ஆட்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள், பின்னால் வந்தவர்கள் 'ராக் பர்ஸ்ட்' என்றார்கள். கீழே வெடித்தால் மேலே லைனில் பாத்திரம் உருளும். ராத்திரியில் பாத்திரம் உருண்டால் பெண்கள் யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார்கள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் நடப்பார்கள். சாவு இப்படிச் சத்தம் போட்டு வந்ததைவிடச் சத்தமில்லாமல் வந்ததுதான் அதிகம். சிலிகா தூசி மார்புக்குள் போய்க் கெட்டித்துப்போகும். மருத்துவம் அதற்கு 'சிலிகோசிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. லைனில் அதற்கு இருமல் என்றுதான் பெயர்.

1965இல் அந்தச் சுரங்கத்துக்குள்தான் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வானத்திலிருந்து வந்து பூமியைத் துளைக்கும் நியூட்ரினோ என்ற துகளின் தடத்தைப் பார்த்தார்கள். உலக விஞ்ஞானத்தில் அது பெரிய சேதி. அந்தத் துகளுக்கு எடை கிட்டத்தட்ட கிடையாதாம். அதைப் பார்ப்பதற்கான பள்ளத்தைத் தோண்டியவனுக்கும் விஞ்ஞான வரலாற்றில் அவ்வளவு எடைதான் கிடைத்தது.

ஆக, அந்த மாணவர் சொன்னது பொய்யில்லை. சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் போனது. வெட்டினவன் வீட்டில் குன்றிமணித் தங்கம் நின்றதில்லை. வீடும் அவனுடையதில்லை, நிலமும் அவனுடையதில்லை, பள்ளமும் அவனுடையதில்லை. பிறகு எதை இழந்தான்?

இங்கேதான் நாம் அவசரப்பட்டுவிடக்கூடாது என்று நினைக்கிறேன். எதைப் பெற்றான் என்று பார்க்காமல் எதை இழந்தான் என்று சொல்ல முடியாது.

எங்கள் ஆயா ஒரு வார்த்தை சொல்வாள். "ஊர்ல நெல்லு அளந்து போடுவான். அளக்கறவன் கை அவன் கை. இங்க எண்ணிக் குடுப்பான். எண்றது எனக்கும் தெரியும்." கூலி தானியமாக இருந்ததிலிருந்து காசாக மாறியதைப் பற்றிப் பொருளாதாரப் புத்தகங்கள் எவ்வளவோ சொல்லியிருக்கின்றன. எண்ணிப் பார்க்க முடிகிற கூலி வந்ததும் குனிந்து வாங்கவேண்டிய அவசியம் போயிற்று என்பதை ஆயா சொல்லித்தான் கேட்டேன். லைனில் சேரி என்றும் ஊர் என்றும் இரண்டு இல்லை. 'ஆண்டே' என்று யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. துரையைப் பார்த்துப் பயம் உண்டு, மேஸ்திரியைப் பார்த்துப் பயம் உண்டு, ஷாஃப்டைப் பார்த்துப் பயம் உண்டு. தெருவில் செருப்புப் போட்டு நடக்கப் பயம் கிடையாது. இதை அனுபவிக்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

இதைக் கம்பெனி கொடுத்தது என்று சொல்கிற கிழவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. "துரைங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். கம்பெனிக்குத் தேவைப்பட்டவை கை, கால், முதுகு. மிச்சத்தை நம் ஜனங்கள்தான் உண்டாக்கிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். பகலெல்லாம் பாறை உடைத்தவன் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பஞ்சசீலம் படித்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தார். அவருடைய 'தமிழன்' 1926இல் மறுபடியும் உயிர்பெற்றது தங்கவயலில், அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. பண்டிதரின் எழுத்துக்களைப் புத்தகங்களாகப் போட்டது அங்கிருந்த சித்தார்த்தா புத்தக சாலை. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் வந்தபோது தமிழ்நாட்டு அறிவுலகம் பண்டிதரைப் புதிதாகக் 'கண்டுபிடித்தது'. பழைய பௌத்தக் குடும்பங்களின் பெட்டிகளில் அவர் காணாமல் போயிருக்கவே இல்லை.

1930இல் கம்பெனி எல்லாத் தொழிலாளிகளையும் கைரேகை வைத்துப் பதிவு செய்யப் பார்த்தது. வேண்டாதவனை அடையாளம் கண்டு வெளியே தள்ளுவதற்கான ஏற்பாடு அது. ஜனங்கள் வேலைக்குப் போகவில்லை. 21 நாள். முறையான சங்கம் அமைவதற்கு முந்தைய காலம் அது, பெயர்பெற்ற தலைவர்களும் கிடையாது. 'படிக்காத பறக்கூட்டம்' என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த 21 நாளும் விளங்கவே இல்லை. பின்னால் 1946இல் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அந்தத் தியாகிகளின் நினைவு நாள் அங்கே நவம்பர் 4. இப்படிப்பட்ட ஒரு ஊரைத்தான் நாங்கள் இழந்தோம் என்கிறோம். தங்கத்தை இழந்தோம் என்று நாங்கள் சொல்லவே இல்லையே.

இந்த ஊரைச் சொர்க்கம் ஆக்கிவிடவும் கூடாது. அந்த லைன்களில் பொதுக் கக்கூஸ்கள் இருந்தன. அவற்றை யாரோ அள்ளினார்கள். 'ஆண்டே என்று கூப்பிட வேண்டியதில்லை' என்று நான் மேலே எழுதிய வாக்கியம் அவர்களுக்குப் பொருந்துமா? பறையர் லைனில் பிறந்தவன் எழுதுகிற தங்கவயல் ஒன்று, சக்கிலியர் வீட்டில் பிறந்தவர் எழுதினால் வரக்கூடிய தங்கவயல் வேறொன்று. கையால் மலம் அள்ளுவது இந்த நூற்றாண்டிலும் அங்கே நடந்தது. 2011வாக்கில் அது பத்திரிகைகளில் அடிபட்டது. நிமிர்ந்து நடந்தோம் என்று பெருமையடிக்கிற நாம், யாருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நடந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இதை அந்த வீட்டிலிருந்து ஒருவர் எழுதவேண்டும். நான் எழுதினால் அது இரவல்.

இனி 'நஷ்டம்' என்ற சொல்லுக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சொல் அதுதான். தங்கம் எடுக்க ஆகும் செலவு தங்கத்தின் விலையைவிட அதிகம். ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசியில் ஏதோ சில கிராம். கணக்கு சரிதான். ஆனால் எந்தக் கணக்கும் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் முடியும். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசு. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி ஆயிற்று. அரசு கைக்கு வந்த பிறகு பல வருஷங்கள் வெட்டிய தங்கத்தைச் சந்தை விலைக்கு விற்க விடவில்லை. சர்வதேச அதிகார விலை என்று ஒன்று இருந்தது, அந்த விலையில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நகைக்கடைக்காரன் விற்ற விலையைவிட அது வெகு குறைவு. நாட்டின் அந்நியக் கடனுக்குத் தங்கம் தேவைப்பட்டதாம். இருக்கட்டும். நாட்டுக்குக் குறைந்த விலையில் தங்கம் கொடுத்தவன் நாட்டுக்குக் கடன் கொடுத்தவன் அல்லவா? அந்த வித்தியாசத்தை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்? இருமிச் செத்தவர்களை எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்? வரவு எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'நஷ்டம்' என்று போட்டு, அதைப் பாறை வெட்டினவன் தலையில் கட்டினார்கள். 1992இல் நலிந்த கம்பெனி என்று பட்டியலில் சேர்த்தபோது நம் ஆட்களே "ஆமாம்பா, எவ்ளோ நாளைக்குத்தான் கவர்மெண்டு நஷ்டத்துல ஓட்டும்?" என்று பேசிக்கொண்டார்கள். இதைத்தான் நான் பெரிய கொடுமை என்பேன். அடுத்தவன் கணக்கை நம் வாயால் நாமே ஒப்பிக்கிறோம்.

மூடும்போது மூவாயிரத்துச் சொச்சம் பேர் வேலையில் இருந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் நின்றது சங்கு. ஷிஃப்டுக்கு ஊதும் சங்கை வைத்துத்தான் உலை வைப்பார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள், சாவு எடுப்பார்கள். அது நின்ற பிறகும் பல மாசம் என் நைனா அந்த நேரத்துக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் பேசமாட்டார். கொஞ்ச நாளில் லைனில் புதுசாக ஒரு சத்தம் பழகிவிட்டது. விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலின் சத்தம்.

சுமார் நூறு கிலோமீட்டர். ஆயிரக்கணக்கானவர்கள் அன்றாடம் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறார்கள். செக்யூரிட்டி, துணிக் கம்பெனி, கட்டட வேலை, ஆஸ்பத்திரியில் துப்புரவு, படித்தவர்களுக்கு கால் சென்டர். ரயிலிலேயே தூக்கம், ரயிலிலேயே சீட்டுக்கச்சேரி, ரயிலிலேயே காதல், ரயிலிலேயே வட்டிக்காரனோடு சண்டை. அந்த ஊரில் 2001க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பா அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் பார்க்கக் கிடைக்கிறவர்கள். பிள்ளையை வளர்த்தது கிழவிகள். கிழவிகள் சொல்லிக்கொடுத்த பாடமும் ஒன்றே ஒன்று: "படிச்சு எங்கனா போய்டு." தன் ஊரை விட்டுப் போவதுதான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த ஊர் அது. போக முடியாதவன் தன்னைத் தோற்றவனாக நினைத்துக்கொள்கிறான். போனவன் ஊருக்கு வரும்போது குற்றவாளிபோலப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறான். இருவருமே தப்பு செய்தவர்கள் இல்லை.

பெங்களூரில் நான் முதலில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனுஷன்தான். "எந்த ஊரு?" என்றார். கேஜிஎஃப் என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வுக்குப் பிறகு வீடு சொந்தக்காரப் பையனுக்குப் பேசி வைத்திருப்பதாக அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்த மாதிரி 'ஓ' ஒரு பத்தாவது கேட்டிருப்பேன். எங்கள் ஊர்ப் பெயரே சாதிப் பெயராக இருப்பது அந்த ஊருக்குள் இருந்தவரை எங்களுக்குத் தெரியாது. ஊருக்குள் சுவர் இல்லாமல் வாழ்ந்ததற்கு இது ஒரு விலை. எங்கள் தாத்தன் ஊரில் பிறந்த பையன் எட்டு வயதில் கற்றுக்கொள்வதை நான் இருபத்து மூன்று வயதில் காபி குடித்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். தாமதமாகக் கற்றதால் அது குறைவாக வலித்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். நைனாவும் அம்மாவும் என்னிடமிருந்து பதினைந்து வருஷம் அதைத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தப் பதினைந்து வருஷத்தைத்தான் நான் ஊர் என்று சொல்கிறேன். இன்று ரயிலேறுகிற பிள்ளைக்கு அது கிடையாது.

போகாமல் நின்றவர்களில் சிலர் கீழே இறங்குகிறார்கள். மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் இரும்பு இருக்கிறது, கேபிள் இருக்கிறது, தங்கம் கலந்த மண் இருப்பதாகப் பேச்சும் இருக்கிறது. தண்ணீர் நிரம்பி, காற்றோட்டம் செத்துப்போன பள்ளம் அது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், இப்படி இறங்கியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. செய்தியில் அவர்கள் 'திருடர்கள்'. சட்டப்படி அது சரியான சொல்லாக இருக்கலாம். அறத்தின்படியும் சரியா என்பது வேறு கேள்வி. ஒரே பள்ளம், ஒரே பாறை. கூலிக்கு இறங்கியவன் தொழிலாளி, கூலி நின்றபிறகு இறங்கியவன் திருடன். இடையில் மாறியது மேலே அலுவலகத்தில் இருந்த ஒரு காகிதம் மட்டும். அந்தப் பையன்கள் செய்தது நல்ல காரியம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நாம் திருடன் என்று பெயர் வைத்தால், 800 டன்னைக் கொண்டுபோனவர்களுக்கு என்ன பெயர் வைப்போம் என்று மட்டும் கேட்கிறேன்.

சினிமாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2018இலும் 2022இலும் எங்கள் ஊர்ப் பெயரை வைத்து இரண்டு கன்னடப் படங்கள் வந்து இந்தியா முழுக்க ஓடின. அதில் சுரங்கத்து ஜனங்கள் கருப்பு மை பூசிக்கொண்டு, வெளியிலிருந்து வரும் ஒரு வீரனுக்காகக் காத்திருக்கிறார்கள். 21 நாள் வேலைநிறுத்தம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கி, விசில் அடித்து அதைப் பார்த்தார்கள். 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது அந்தப் பக்கத்தையாவது திருப்பினார்கள் என்று இருந்தது. படத்தைப் பற்றி எனக்கு வேறு விமர்சனங்கள் உண்டு, அதை இன்னொரு சமயம் பேசலாம்.

அந்த மாணவருக்கு என் பதில் இவ்வளவுதான். சங்கிலிக்காக யாரும் அழவில்லை, தம்பி. சங்கிலியோடு இருந்த காலத்திலேயே, சங்கிலி போட்டவனுக்குத் தெரியாமல், நாலு தலைமுறை சேர்ந்து கட்டியது ஒன்று இருந்தது. ஷாஃப்டை மூடும்போது அதையும் சேர்த்து மூடினார்கள். சுரங்கம் திரும்பத் திறந்தால் அது திரும்பக் கிடைக்கும் என்றும் நான் நம்பவில்லை. ஆகவே 'திறந்து விடுங்கள்' என்று மனு எழுதுகிற கிழவர்களோடும் என்னால் முழுசாக நிற்க முடியவில்லை, 'நல்லவேளை மூடினார்கள்' என்கிற தோழர்களோடும் நிற்க முடியவில்லை. உடைமை இருந்தவன்தான் இழப்பைப் பேசலாம் என்றால் இந்த நாட்டில் தலித்துக்கு எந்த இழப்பும் கிடையாது. செத்துப்போன பிள்ளையைக்கூட அவன் இழக்க முடியாது. அப்படி ஒரு தர்க்கத்தை மார்க்சின் பெயரால் சொன்னாலும் எனக்கு அது மனுவின் தர்க்கமாகத்தான் கேட்கிறது.

இப்போது சயனைடு மலைக்கு விலை பேசுகிறார்கள். பாறையை அரைத்துச் சயனைடு விட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண், ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. புல் முளைக்காது. காற்றுக் காலத்தில் சோற்றுத் தட்டில் வந்து விழும். சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடாத பிள்ளை தங்கவயலில் கிடையாது. அந்த மண்ணில் இன்னும் தங்கம் மிச்சம் இருக்கிறதாம். 13 குவியல்களை ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இந்தச் செய்தியை எங்கள் லைனில் ஒரு பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். சாம்பியன் ரீஃபில் முப்பது வருஷம் இறங்கியவர். இருமி முடித்துவிட்டு, "அந்தத் தூசு என் மார்லயும் கீதே, அத்தையும் ஏலத்துல சேத்துக்குவானா?" என்று கேட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த பேத்தி, பதினாலு வயசு, சிரிக்கவில்லை. குவியலைத் தோண்டினால் தூசு இன்னும் ஜாஸ்தி ஆகாதா, வேலைக்கு யாரை எடுப்பார்கள், லைன் வீட்டுக்குப் பட்டா தருவார்களா என்று என்னைக் கேட்டாள். பேப்பரில் அதெல்லாம் போட்டிருக்கவில்லை. அவள் பேப்பரை வாங்கி, இரண்டாவது தடவையாகப் படிக்க ஆரம்பித்தாள்.